சூடானால் நிற்கும் வண்டி

பிப்ரவரி 6

அண்ணி,

நான் போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கறீங்க. உங்க தம்பி பண்ணினா எடுக்கறீங்க, பக்கத்துல நான் இருமினது கேட்டாலே வெச்சுடறீங்க. அதனாலதான் எழுதறேன். கட்டிக்கிட்டு வந்து ஒன்பது வருஷம் ஆச்சு, இதுதான் உங்களுக்கு நான் எழுதற முதல் கடிதம். ஒரே வீட்டுக்குள்ள இருந்தவங்களுக்கு எழுத என்ன இருந்துச்சு.

விஷயத்துக்கு வர்றேன். நேத்து லேபுல ஒரு பல் செட் அவசரமா முடிக்க வேண்டியிருந்தது, கிளம்ப லேட் ஆயிடுச்சு. வெயில் நல்லா ஏறியிருந்த நேரம். பாலத்து ஏத்தத்துல பாதி தூரம் போயிருப்பேன், நீங்க விட்டுட்டுப் போன கார் நின்னுடுச்சு. உதறலை, முக்கலை, சத்தம் கூட போடலை. சுவிட்சைத் தட்டி விளக்கை அணைச்ச மாதிரி. ஸ்டியரிங் கல்லாயிடுச்சு. எஞ்சின் வேகம் காட்டுற முள் அப்படியே படுத்துடுச்சு, வண்டி இன்னும் உருண்டுக்கிட்டு இருக்கும்போதே. பின்னாடி ஒரு பஸ். அந்த டிரைவர் நல்லவர், பிரேக் பிடிச்சார், அப்புறம் இறங்கி வந்து திட்டினார்.

மறுபடி மறுபடி சாவியைத் திருப்பினேன். சுத்துது, பிடிக்க மாட்டேங்குது. ரெண்டு பேர் தள்ளி ஓரமா விட்டாங்க. கைப்பிடிச் சுவர்ல சாய்ஞ்சு நின்னு உங்களையேதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு சும்மா சாவியைத் திருப்பினா, ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்பிடுச்சு.

போன வருஷம் ரவுண்டானாவுல வண்டி நின்னு வேன் இடிச்ச அன்னிக்கு நீங்க சொன்னதும் இதையேதான். "நான் ஒண்ணும் பண்ணலை, அதுவா நின்னுடுச்சு." நான் என்ன சொன்னேன்னும் உங்களுக்குத் தெரியும். வலியில சொல்லிட்டேன்னு சாக்கு சொல்ல மாட்டேன். வலி குறைஞ்ச பிறகும் அதையேதான் சொன்னேன். உங்க கண்ணு ஒரு நிமிஷம் எங்கேயோ போயிடுச்சுன்னு. பக்கத்து சீட்ல இருந்து பார்க்கும்போது எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது.

இப்போ எனக்கு என்ன தெரிஞ்சுதுன்னே தெரியலை.

பதில் போடுங்க. திட்டியாவது.

உங்க தம்பி பெண்டாட்டி


பிப்ரவரி 11

பல் செட்டு மேடத்துக்கு,

திட்டச் சொன்னதால திட்டறேன்.

உனக்கு நடந்ததும் அது நிஜமாயிடுச்சு, இல்லையா? எனக்கு நடந்தப்போ அது தலைசுத்தல். வயசு. "அண்ணி சரியா சாப்பிடறதில்லை." உனக்கு நடந்தா வண்டிக் கோளாறு.

முள் படுத்துச்சுன்னு எழுதியிருக்கே. ஆஸ்பத்திரி வராந்தாவுல, உன் தோள்பட்டையில கட்டுப் போட்டுக்கிட்டு இருந்தப்போ, நானும் அதைத்தான் சொன்னேன். உன் புருஷன்கிட்ட சொன்னேன், போலீஸ்காரர்கிட்ட சொன்னேன். போலீஸ்காரர் தலையாட்டினார். என் தம்பி, நான் தூக்கி வளர்த்தவன், "சரிக்கா, நீ உட்காருக்கா, தண்ணி குடிக்கா"ன்னான். பைத்தியக்காரிக்குச் சொல்ற மாதிரி.

அந்த வேன் இடிச்சு உன் எலும்பு உடைஞ்சதுக்கு நான் அழுதேன். நிஜமா அழுதேன். ஆனா டிரைவிங் ஸ்கூல் ஓனர் உன்னைப் பார்க்க ஆப்பிள் வாங்கிக்கிட்டு வந்தாரே, அவர்கிட்டயும் நீ அதையே சொன்னே பாரு, அங்கதான் எனக்கு விட்டுப் போச்சு. அந்த ஊருல பாதிப் பேருக்கு கிளட்ச் எது பிரேக் எதுன்னு காட்டினவ நான். மறுநாள் காலையில என் சீட்ல இன்னொருத்தன் உட்கார்ந்திருந்தான். எனக்கு ஒரு மேஜையும், ஃபோன் எடுக்கற வேலையும். அதுவும் ரெண்டு மாசம்தான் தாங்கினேன்.

இப்போ இந்த ஊர்ல என் சிநேகிதி நடத்தற பெண்கள் ஹாஸ்டல்ல வார்டன். யார் எப்போ உள்ளே வந்தா, யார் வாளியை யார் எடுத்தா, இதுதான் என் பஞ்சாயத்து. நல்லாத்தான் இருக்கேன்.

வண்டியை வித்துடு. என் பேர்ல இருக்குன்னு யோசிக்காதே, கையெழுத்துப் போட்டு அனுப்பறேன்.

முன்னாள் ஓட்டுநர்


பிப்ரவரி 17

அண்ணி,

உங்க கடிதத்தைப் படிச்சுட்டு ரெண்டு நாள் வீட்ல யார்கூடவும் பேசலை. இருக்கறது ஒருத்தர்தான், உங்க தம்பி. அவர் கவனிச்ச மாதிரியும் தெரியலை.

வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துக்கிட்டுப் போனேன். நாம வழக்கமா விடற இடம்தான். கம்ப்யூட்டர் மாட்டிப் பார்த்தாங்க. ஒரு தப்பும் காட்டலை. தெருவை ஒரு சுத்து சுத்திட்டு வந்து, "சூப்பரா ஓடுது மேடம்"ன்னாங்க. நான் விடலை, பாலத்துல நின்னுதுன்னு சொன்னேன். அந்த ஆள் கையைத் துடைச்சுக்கிட்டே கேட்டான்: "நீங்க இப்பதான் ஓட்டப் பழகறீங்களா மேடம்? ஏத்தத்துல கிளட்சை டக்குன்னு விட்டா அப்படித்தான் ஆகும்."

எனக்கு முகமெல்லாம் எரிஞ்சுது. கோபம் மட்டும் இல்லை அண்ணி. ஒரு நொடி, ஒரே நொடி, நான்தான் விட்டுட்டேனோன்னு எனக்கே தோணிச்சு பாருங்க, அதுதான் பயமாயிடுச்சு. என் கால் எங்க இருந்துச்சுன்னு யோசிச்சு யோசிச்சுப் பார்க்கறேன், ஞாபகம் வர மாட்டேங்குது.

வீட்டுக்கு வந்து உங்க தம்பிகிட்ட சொன்னேன். "வித்துடலாம்"ன்னார். நீங்களும் அதையேதான் எழுதியிருக்கீங்க. அக்காவும் தம்பியும் இதுல மட்டும் ஒத்துமை.

விக்க மாட்டேன். வித்துட்டா அது வண்டியா, நீங்களான்னு யாருக்கும் தெரியாமலே போயிடும்.

நானே பார்க்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன். சிரிக்காதீங்க. நாள் முழுக்க அரிசி மணி அளவு பல்லைத் தேய்ச்சுப் பொருத்தற கை இது. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்கிட்ட நடந்ததைச் சொன்னேன். "அப்படி நின்னா சென்சாராத்தான் இருக்கும்"னு மேல எஞ்சின் தலைமாட்டுல இருக்கற ஒரு சென்சாரை மாத்தச் சொன்னார். பேட்டரி ஒயரைக் கழட்டிட்டு, ஒரு போல்ட், ஒரு கிளிப், அவ்வளவுதான். நானே மாத்தினேன். வாசல்ல நின்னு எதிர்வீட்டம்மா வேடிக்கை பார்த்தாங்க. எனக்கு அவ்வளவு பெருமை.

ரெண்டு நாள் நல்லா ஓடிச்சு. இன்னிக்கு மத்தியானம் மார்க்கெட் வாசல்ல, நட்ட நடு ரோட்ல, மறுபடி நின்னுடுச்சு.

இந்தத் தடவை கால் எங்க இருக்குன்னு பார்த்தேன். கிளட்ச் பக்கமே இல்லை. கட்டை விரல் கூட அங்க இல்லை.


பிப்ரவரி 22

உனக்கு,

வீண் பிடிவாதம். நட்ட நடு ரோட்ல நின்னா அடுத்து வர்ற லாரிக்கு உன் தோள்பட்டை ஏற்கெனவே உடைஞ்சதுன்னு தெரியுமா? விடு. உன்னை எனக்குப் பிடிக்கலைன்னா பிடிக்கலைதான், அதுக்காக நீ சாகணும்னு இல்லை.

ஒண்ணு சொல்றேன், என் தம்பிகிட்ட சொல்லாதே. சொன்னா உடனே பஸ் ஏறி வந்துடுவான், வந்து ஒண்ணும் பேசாம உட்கார்ந்திருப்பான், எனக்குத் தாங்காது.

இங்க வந்ததும் டாக்டர்கிட்ட போனேன். ஒருத்தர்கிட்ட இல்லை, மூணு பேர்கிட்ட. கண்ணு, காது, இதயம், தலைக்கு ஒரு ஸ்கேன். எல்லாரும் "நல்லா இருக்கீங்கம்மா"ன்னுட்டாங்க. நல்லா இருக்கேன்னா அன்னிக்கு என்ன ஆச்சு? நீ எழுதினியே, கம்ப்யூட்டர் மாட்டிப் பார்த்தாங்க, ஒண்ணும் காட்டலைன்னு. படிச்சுட்டு கட்டில்லயே உட்கார்ந்துட்டேன். எனக்கும் அப்படித்தானே பார்த்தாங்க.

நீங்க எல்லாரும் அவ்வளவு உறுதியா சொன்னீங்க. திரும்பத் திரும்பக் கேட்டா எனக்கே அந்த ஒரு நிமிஷம் காணாமப் போன மாதிரி ஆயிடுச்சு. முள் படுத்ததை நான் பார்த்தேனா, இல்லை பார்த்ததா நானே சொல்லிக்கிட்டேனா? இப்போ ரோடு கிராஸ் பண்றதுன்னா யாராவது ஒரு பொண்ணு வர்ற வரைக்கும் கேட்கிட்ட நிக்கறேன். அவங்களுக்கு நான் வழி காட்டற மாதிரி கூடவே போயிடறேன். அவங்களுக்குத் தெரியாது. மாடிப்படியில இறங்கும்போது சுவரைத் தொட்டுக்கிட்டே வர்றேன்.

தண்ணி மோட்டார் போட்டா அணைக்கறதுக்குள்ள நாலு தடவை போய்ப் பார்க்கறேன். உட்கார முடியலை. நடந்துக்கிட்டே இருக்கேன். ஹாஸ்டல் பொண்ணுங்க எனக்கு "ரோந்து"ன்னு பேர் வெச்சிருக்காங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு.

அதனால அது எந்த சென்சாரா இருந்தா எனக்கென்ன. எதையும் நிரூபிக்காதே. நிரூபிக்கப் போய் வண்டியில ஒண்ணும் இல்லைன்னு ஆயிட்டா நான் எங்க போவேன்?


மார்ச் 1

அண்ணி,

உங்க கடைசி வரியைப் படிச்சதும் ஸ்பேனரைக் கீழ வெச்சுட்டேன். நிஜமாத்தான். ஒரு நாள் முழுக்க வண்டிக்கு மேல துணியைப் போட்டு மூடிட்டேன். அப்புறம் பார்த்தேன், விட்டுட்டா மட்டும் உங்களுக்குத் தூக்கம் வந்துடுமா என்ன?

கவனிச்சீங்களா, ரவுண்டானா, பாலம், மார்க்கெட், மூணு தடவையும் நல்ல வெயில், நெரிசல், எஞ்சின் கொதிச்சுக்கிட்டு இருக்கு. கொஞ்சம் ஆறினதும் கிளம்பிடுது. ஒர்க்‌ஷாப்ல காலையில பச்சைத் தண்ணி மாதிரி இருக்கற வண்டியைத்தான் சோதிச்சுப் பார்த்தாங்க, அது எப்படி நிக்கும்? கடைக்காரர்கிட்ட மறுபடி போய்ச் சண்டை போட்டேன். தலையைச் சொறிஞ்சுக்கிட்டே சொன்னார், அப்படின்னா அது கீழ இருக்கற கிராங்க் சென்சாரா இருக்கும், எஞ்சின் சுத்துதா இல்லையான்னு வண்டிக்குச் சொல்றதே அதுதான், அது வாயை மூடிட்டா எஞ்சின் நின்னுட்டதா நினைச்சு வண்டி பெட்ரோலை நிறுத்திடும்னு. இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? மேல இருக்கறது மாத்த சுலபம்னு முதல்ல அதைச் சொன்னாராம்!

புதுசை வாங்கிட்டேன். ஆனா உடனே மாட்டலை. மாட்டிட்டா பழசுதான் கெட்டுப் போனதுன்னு எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில உங்க தம்பியைக் கூப்பிட்டு வாசல்ல நிக்க வெச்சேன். "என்ன?"ன்னார். "பேசாம பாருங்க"ன்னேன். வண்டியை ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து, நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டேன். முன் டயரை முழுக்கத் திருப்பினா அந்த இடுக்குல சென்சார் தெரியும். நடுவீட்டுல இருந்து ஒயர் இழுத்து, என் ஹேர் டிரையரை அங்க காட்டினேன், சுத்தற பெல்ட்டுக்கு எட்டாத தூரத்துல. எதிர்வீட்டம்மா, "டயருக்கா தலை காய வைக்கறே?"ன்னு கேட்டாங்க. காட்டிக்கிட்டே இருந்தேன். நிக்கலை. ரொம்ப நேரம் நிக்கலை. உங்க தம்பி உள்ளே போகத் திரும்பிட்டார்.

நின்னுடுச்சு அண்ணி.

அதே மாதிரி. சுவிட்சைத் தட்டின மாதிரி. சாவியைத் திருப்பினேன், சுத்துது, பிடிக்கலை. ஈரத் துணியை அந்தச் சென்சார் மேல சுத்தி வெச்சேன். மறுபடி திருப்பினேன். கிளம்பிடுச்சு. திரும்பவும் டிரையர். திரும்பவும் நின்னுடுச்சு. எத்தனை தடவை பண்ணினேன்னு தெரியலை, உங்க தம்பி வந்து என் கையில இருந்து டிரையரை வாங்கி வெச்சுட்டார். அப்படியே படியில உட்கார்ந்தார். "அக்கா சொன்னாளே"ன்னார். அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் எழுந்து போய் ஜாக்கி எடுத்துக்கிட்டு வந்தார்.

வண்டியைத் தூக்கி, கீழ ஸ்டாண்ட் வெச்சு, டயரைக் கழட்டினோம். போல்ட் வந்துடுச்சு, சென்சார் வரலை. துருப்பிடிச்சு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. எண்ணெய் விட்டு, இப்படியும் அப்படியும் திருகித் திருகி, பல் பிடுங்கற மாதிரிதான் எடுத்தேன். கிளிப் உடைஞ்சுது. தோள்பட்டை இன்னிக்கும் வலிக்குது. வெளிய எடுத்துப் பார்த்தா அதோட பிளாஸ்டிக் உடம்புல தலைமுடி அளவு விரிசல். அந்தக் குழியைத் துடைச்சு, புதுசோட ரப்பர் வளையத்துல எண்ணெய் தடவி அழுத்தினேன், நறுக்குன்னு உட்கார்ந்துடுச்சு.

அதுக்கப்புறம் உச்சி வெயில்ல, ரவுண்டானாவையே சுத்திச் சுத்தி ஓட்டினேன். டிராஃபிக் போலீஸ்காரர் நிறுத்தி, வழி தெரியலையான்னு கேட்டார். நிக்கலை. டிரையரும் காட்டிப் பார்த்தேன், நிக்கலை.

டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். ஓனர்கிட்ட, அங்க ஓட்டக் கத்துக்க வந்த பசங்க எல்லாரும் கேக்கற மாதிரி, நான் சொன்னது தப்புன்னு சொன்னேன். சங்கடமாச் சிரிச்சார். இப்போதைக்கு ஆள் இருக்காம், காலையில ரெண்டு பேட்ச் வேணும்னா தரலாமாம். உங்களைக் கேட்டுச் சொல்றேன்னு வந்துட்டேன். அதுக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கதான்.

அண்ணி, அது நீங்க இல்லை. அந்த ஒரு நிமிஷம் எங்கேயும் போகலை. நீங்க முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தீங்க.

வந்து கூட்டிக்கிட்டுப் போகட்டுமா?


மார்ச் 6

உனக்கு,

கடிதத்தை வராந்தாவுல நின்னே படிச்சேன். ஒரு பொண்ணு வந்து, "என்ன மேடம், யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?"ன்னு கேட்டா. ஆமா, எனக்குத்தான் ஆச்சு, போன வருஷம் ஆச்சு, இப்பதான் தகவல் வருதுன்னேன். அவளுக்குப் புரியலை.

சந்தோஷமா இருக்கணும். இல்லை. உன்மேல இப்போதான் நிஜமாக் கோபம் வருது. முன்னாடி பாதிக் கோபம் என்மேலயே இருந்துச்சு. இப்போ முழுசும் உனக்குத்தான்.

நான் வாயால சொன்னேன். கெஞ்சிச் சொன்னேன். அது உங்க ரெண்டு பேருக்கும் போதலை. தலைமுடி காய வைக்கற மெஷின் சொன்னதும் என் தம்பி படியில உட்கார்ந்துட்டானாமே! "அக்கா சொன்னாளே"வாம். அக்கா எப்போ சொன்னா?

காலை பேட்ச் ரெண்டும் அவரையே வெச்சுக்கச் சொல்லு.

வண்டியை இங்க கொண்டு வராதே. நானும் வரலை. அது கிடக்கட்டும்னு வெச்சாலும், ஸ்டியரிங் பிடிப்பேனான்னு கேட்டா எனக்குத் தெரியாது. சென்சாரை மாத்திட்டே. சுவரைத் தொட்டுக்கிட்டே இறங்கறேனே, அதை யார் மாத்துவாங்க? நேத்து கூட, உன் கடிதத்தைப் படிச்ச பிறகும், ரோட்டோரம் நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன்.

தோள்பட்டைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. அவனைத் தூக்கச் சொல்லு எதையும்.


மார்ச் 15

அண்ணி,

கொண்டு வராதேன்னு சொன்னீங்க, கொண்டு வந்துட்டேன். சாவி கேட்ல காவலுக்கு இருக்கற அம்மாகிட்ட இருக்கு. வண்டி கேட்டுக்குப் பக்கத்துல மரத்தடியில நிக்குது. நீங்க பாங்குக்குப் போயிருக்கீங்கன்னு சொன்னாங்க. இருந்து பார்க்கலாம்னுதான் ஒரு பெஞ்சுல உட்கார்ந்தேன். அப்புறம் என் முகத்தைப் பார்த்தா உங்களுக்கு வண்டி தெரியாது, நான்தான் தெரிவேன்னு தோணிச்சு. பஸ் ஏறிட்டேன். பஸ்லதான் இதை எழுதறேன், எழுத்து ஆடுது.

வழியெல்லாம் வெயில். ஒரு இடத்துலயும் நிக்கலை.

நீங்க கோபப்பட்டது சரி. உங்களை நாங்க நம்பலை. அதுக்கு ஒரு விளக்கமும் என்கிட்ட இல்லை, தேடிப் பார்த்துட்டேன். இனிமே நீங்க எது சொன்னாலும் நம்புவேன்னு சத்தியம் பண்ணினா நீங்களே சிரிப்பீங்க. இவ்வளவுதான் சொல்ல முடியும்: அடுத்த தடவை, என்ன பார்த்தீங்கன்னு முதல்ல உங்ககிட்ட கேப்பேன். கேட்டு முடிக்கற வரைக்கும் வேற யார்கிட்டயும் பேச மாட்டேன்.

ஓட்டணும்னு இல்லை. வேண்டாம்னா அங்கேயே வித்துடுங்க. உங்க வண்டி.


மார்ச் 24

பல் செட்டு,

உன் திமிருக்கு ஒரு அளவே இல்லை.

வந்த அன்னிக்கு அதைக் கண்டுக்கவே இல்லை. மறுநாள் மரத்து இலையெல்லாம் கண்ணாடி மேல கிடந்துச்சு, அதனால துடைச்சேன். வெயில்ல உள்ள புழுங்குமேன்னு கதவைத் திறந்து வெச்சேன். ரெண்டு நாள் கழிச்சு உள்ள உட்கார்ந்தேன். சீட்டை நீ முன்னால இழுத்து வெச்சிருந்தே, குட்டைக் காலு. பின்னால தள்ளினேன். கண்ணாடியைச் சரி பண்ணினேன். இறங்கிட்டேன். அதுக்கே வேர்த்துப் போச்சு. ஹாஸ்டல் பொண்ணுங்க ஜன்னல்ல கூட்டமா நின்னு பார்க்குதுங்க.

நேத்து காலையில மூணாவது மாடியில ஒரு பொண்ணுக்கு வயித்து வலி. சுருண்டு கிடக்கா. ஆட்டோவுக்குப் போன் போட்டா வர்றேன் வர்றேன்னு சொல்றான், வரலை. எல்லாரும் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்க்கறாங்க. ஒருத்தி கேட்டே கேட்டுட்டா, "மேடம், உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

எனக்கு! என்னைப் பார்த்து!

பின்சீட்ல அவளைப் படுக்க வெச்சு, ரெண்டு பேரை ஏத்திக்கிட்டுக் கிளம்பினேன். கேட்டைத் தாண்டியும் ரொம்ப தூரம் முதல் கியர்லயே போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு முன்னாடி ஒரு ஏத்தம், அங்க சிக்னல். பச்சை விழுந்துச்சு. கிளப்பினேன். ஒரு உதறு உதறி வண்டி நின்னுடுச்சு.

பின்னாடி ஹாரன். அவ்வளவுதான், முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அப்புறம்தான் உறைச்சுது: உதறிச்சே! அது உதறாம இல்ல நிக்கும்? இது உதறிட்டு நின்னுது. கிளட்சை டக்குன்னு விட்டுட்டேன். நான்தான் விட்டேன். என் கால்தான். முதல் நாள் வர்ற கத்துக்குட்டிங்க பண்ற தப்பு, எத்தனை பேரை இதுக்காகத் திட்டியிருப்பேன்.

எனக்கு அப்படி ஒரு சிரிப்பு வந்துச்சு. வயித்து வலிப் பொண்ணு அந்த வலியிலயும் தலையைத் தூக்கி, "மேடம், என்ன ஆச்சு?"ன்னா. "ஒண்ணும் இல்லைம்மா, என் தப்பு"ன்னேன். அதைச் சொல்ல எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா? சாவியைத் திருப்பினேன், உடனே பிடிச்சுது, போயிட்டோம். அவளுக்கு அப்பெண்டிக்ஸ். ஆபரேஷன் ஆச்சு, நல்லா இருக்கா.

திரும்பி வரும்போது தனியாத்தான் வந்தேன். நேரா ஹாஸ்டலுக்கு வராம ஊரைச் சுத்திட்டு வந்தேன்.

இங்கேயே ஒரு டிரைவிங் ஸ்கூல்ல கேட்டிருக்கேன். வரச் சொல்லியிருக்காங்க. அதனால அந்த வீட்டுக்குத் திரும்பி வந்து இருக்கப் போறதில்லை. கோபத்துல சொல்லலை, எனக்கு இந்த ரோடெல்லாம் பிடிச்சுப் போச்சு. வண்டி என்கிட்டயே இருக்கும், நீ பஸ்ல போ.

அடுத்த மாசம் ஒரு லீவு வருது. நான் ஓட்டிக்கிட்டு வர்றேன். உன்கிட்ட சரியா பேசுவேனான்னு தெரியாது, என் தம்பிகிட்ட நிச்சயமா நல்லாச் சண்டை போடுவேன். அவனை வீட்ல இருக்கச் சொல்லு.

போன் பண்ணு. எடுக்கறேன்.

ஓட்டுநர்